முத்திரை விழாத வளையம்

மார்ச் 4
இன்றும் எங்கள் பட்டறை வளையங்கள் சோதனையில் தேறவில்லை. மின்கசிவு வந்தால் வீட்டு மின்சாரத்தை உடனே துண்டிக்கும் பிரேக்கருக்குள் இருப்பவை இவை. இம்மி கசிவுக்கும் சட்டென்று காந்தமாக வேண்டும். ஆனால் இவை தடவித் தடவி வேலை செய்கின்றன. சிலிக்கான் இரும்பை விட்டுவிட்டு நிக்கல் கலவைக்கு மாறு என்று அண்ணனின் உயிரை எடுத்தவள் நான்தான்.
"இந்த வாரம் பாக்கறேன். இல்லன்னா பழைய இரும்புக்கே போயிடலாம். உன் சோதனை ரூம்ல சரக்கு அடுக்கிக்கலாம்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

மார்ச் 5
எனக்கு நானே பாடம் எடுத்துப் பார்க்கிறேன். இரும்புக்குள் காந்தம் குட்டிக் குட்டி வட்டாரங்களாக இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்க்கும். வெளியே காந்தப்புலம் மாறினால் வட்டாரங்களின் எல்லைகள் நகர வேண்டும். சாதாரண இரும்பில் அணு அடுக்கு சில திசைகளைத்தான் விரும்பும். போதாததற்கு, காந்தமாகும்போது நீளமும் துளி மாறி உள்ளே இழுபறி. எல்லை சிக்கிச் சிக்கிப் போகும், திரும்பி வரவும் முரண்டு பிடிக்கும். இதுதான் காந்தத் தயக்கம்.
நிக்கல் நூற்றுக்கு எண்பதை நெருங்கும்போது இந்த இரண்டு தொல்லையும் ஏறக்குறைய பூஜ்யம். எந்தத் திசையானாலும் சரி என்று போகிற கலவை. சேர்மானம் சரி, உலைச் சூடு சரி. அப்புறம் என்னத்தடி கோட்டை விட்ட?

மார்ச் 6
அண்ணன் வீட்டில் சாப்பாடு. "தட்டு முன்னாடி உக்காந்துட்டு இரும்பையா மெல்லற?" என்கிறாள் அண்ணி. அவளுக்கென்ன.

மார்ச் 8
கண்டுபிடித்துவிட்டேன்!
அண்ணன் ஆசைஆசையாக வாங்கிய இயந்திரம் ஒன்று இருக்கிறது. உலையிலிருந்து வந்து ஆறிய வளையங்களில் ஓங்கி அடித்து நம் முத்திரையைப் பதிக்கும். இன்று ஒன்று அடிபடாமல் நழுவியிருந்தது. "இத தூக்கிப் போடு, நம்ம பேரே விழல" என்றான். வீம்புக்கு அதை அளந்தேன். மற்றதெல்லாம் திரையில் தலையணையாக உப்பிக்கிடக்க, இதன் வளைகோடு மட்டும் ஒல்லியாக நின்றது; தயக்கம் அவ்வளவு குறைவு.
உலையில் சுட்டு, உள்முறுக்கையெல்லாம் எடுத்துவிட்டு, கடைசியில் மண்டையில் ஒரு போடு போட்டிருக்கிறோம். அடிபட்ட இடத்தில் அணு அடுக்கு குலைந்தால் எல்லை மறுபடி சிக்காமல் என்ன செய்யும்?
"அப்ப என் மெஷின்தான் வில்லனா?"
"மெஷின் இல்லண்ணா, அது நிக்கற இடம். உலைக்கு முன்னாடி அடிச்சா சூட்டுல அந்தக் காயமும் ஆறிடும், காந்தத் தயக்கமும் போயிடும்."
மெஷினை ஒருமுறை தடவிவிட்டுப் போனான்.

மார்ச் 11
கெட்டவற்றை மறுபடி உலையிலிட்டோம். அத்தனையும் தேறின. அப்பாடா! இயந்திரத்தை உலைக்கு முன்னால் தள்ளி வைக்க அண்ணனே தோள் கொடுத்தான். பாராட்டி ஒரு சொல்? ம்ஹூம்.

ஏப்ரல் 19
அண்ணன் வீட்டிலும் நம் வளையம் போட்ட பிரேக்கர்தான். காலையிலேயே அண்ணியின் போன். "உன் வளையம் பெரிய ரோதனைடி! வாஷிங் மெஷின் போட்டாலே கரண்ட் போயிடுது. எடுத்துடச் சொல்லு உங்கண்ணன."
அண்ணன் மெஷினைப் பிரித்தான். உள்ளே வயர் தோல் உரிந்து தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. ஈரத் தரை. அண்ணி எப்போதும் வெறுங்காலோடுதான் நிற்பாள்.
மாலையில் என் சோதனை அறை வாசலில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. "இந்த ரூமுக்கு எதாவது வேணுமா?"
ஒரு நல்ல நாற்காலி போதும் என்றேன்.

ஏப்ரல் 20
இரண்டு வந்திருக்கின்றன. ஒன்றில் அவனே உட்கார்ந்து, "அந்த தயக்கம்னு சொன்னியே, இன்னொரு தடவ சொல்லு" என்கிறான்.