நீங்கள் ஏறாத மலை

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போய் வந்தேன். பங்குனியில் நீங்கள் இறந்த பிறகு மில்லர்புரம் வீட்டை விட்டு நான் கிளம்பிய முதல் பயணம். பிள்ளை வரம் கேட்டு நாலு வருடம் நீங்கள் ஏறிய மலையாயிற்றே, உங்களுக்காக ஒரு தடவை நானும் ஏறலாம் என்று நினைத்தேன். துறைமுகத்தில் உங்களோடு கிரேன் ஓட்டிய முருகேசன் தம்பிதான் கூட்டிப்போனார்.

அடிவாரத்தில் சுக்குக் காப்பி விற்கும் அம்மா அவரை அடையாளம் கண்டுகொண்டார். "எங்கய்யா, கூட வருவாகளே, அந்த அண்ணாச்சிய காணும்? நீங்க இறங்கி வார வரைக்கும் இங்கனயே உக்காந்திருப்பாகளே."

முருகேசன் முகம் செத்துப்போயிற்று.

"யாரு தம்பி உக்காந்திருந்தது?"

"மதினி... அண்ணனுக்கு நெஞ்சுல அடைப்பு. நாலஞ்சு வருசமாவே இருந்துச்சு. மலையெல்லாம் ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வெளிய தெரிஞ்சா கிரேன்ல ஏத்த மாட்டாங்கன்னு பயந்தாக. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக."

அப்படியென்றால் வருடா வருடம் மத்தியானம் போன் போட்டு, "ஏளா, சாமி பாத்தாச்சு, நீ சாப்பிடு" என்றது? பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் அந்தப் போனுக்காக நான் காத்துக் கிடந்தது? மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கியபோது, "மலை ஏறின அலுப்பு" என்றது? போகச் சொல்லி உங்களைப் பாடாய்ப்படுத்தியவள் நான்தான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே? முருகேசனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக் கூடாதா? நான் யார் உங்களுக்கு?

அவரை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக ஏறினேன். பாறையில் வழுக்கி முழங்கால் சிராய்ந்தது, உட்காரவில்லை. சுந்தர மகாலிங்கம் முன்னால் நின்றபோது கும்பிடக் கை எழவில்லை. நாலு வருடமும் பிள்ளையைத்தானே கேட்டேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாமியிடம் உங்களைக் கேட்டிருப்பேனே அத்தான்.

நேற்று முருகேசன் வாசலில் வந்து நின்றார். "என்னைய ஏசவாவது செய்ங்க மதினி" என்றார். கதவைச் சாத்திவிட்டேன். உங்களிடம் காட்ட வேண்டியதை அவரிடம் காட்டுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. வேறு யாரிடம் காட்ட?

கோபம் ஆறினால் கட்டாயம் எழுதுவேன். ஆறாமலே ஆறிவிட்டதென்று மட்டும் உங்களுக்கு ஒருநாளும் எழுத மாட்டேன். இது சத்தியம்.

இன்னும் உங்கள் மனைவிதான்,
செல்வி