இருபத்தொன்பதாம் வாரத்துப் பயணிகள்

மச்சான்,

நேற்று மாலை பழைய கோப்புப் பெட்டியைக் கிளறியபோது ஒரு கார்பன் தாள் கையில் அகப்பட்டது. மெழுகும் மையும் கலந்த அந்த மணம் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் முழுதாகப் போகவில்லை. விளக்குக்கு நேரே பிடித்து, இடம் வலம் மாறிக் கிடந்த எழுத்துகளைக் கூட்டி வாசித்தேன். தனியாக இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். வைலே நகரத்துப் பஸ்ஸுக்காக நான் எழுதிய மனு அது. நீ அதை மனு என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகின்றன. உன்னிடம் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே அதைச் சொல்லு என்பாய். கொஞ்சம் பொறு. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்தவனுக்கு முன்னுரை இல்லாமல் கை ஓடாது.

பின்னாளில் தமிழர் வழக்கு என்று டென்மார்க் முழுக்கப் பேசப்பட்ட அந்த வருடங்களில் நாம் இருவரும் வைலேயின் மேட்டுப் பகுதியில் ஒரு சின்ன வீட்டில் ஒன்றாக இருந்தோம். யாழ்ப்பாணத்தில் நான் அரசாங்க அலுவலகத்து நாற்காலி, நீ பஸ் கொண்டக்டர். இங்கே இருவரும் அகதி என்று ஏற்கப்பட்டவர்கள். உன் மனைவியும் நாலு வயது மகளும் ஊரில் இருந்தார்கள். அகதியாக ஏற்கப்பட்டவன் மனைவி பிள்ளையைக் கூப்பிடலாம் என்று இந்த நாட்டுச் சட்டம் சொன்னது. நீயும் விண்ணப்பித்தாய். ஆனால் தமிழரின் விண்ணப்பங்கள் அசையவில்லை. நீ மாதம் தவறாமல் கடிதம் போட்டாய். உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்ற ஒரே வரி திரும்பித் திரும்பி வந்தது. அந்த உறைகளைத் திறக்கும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

உன்னிடம் உறுதியாக இருந்தது ஒரு வேலைதான். ஊருக்கு வெளியே தளபாடத் தொழிற்சாலையில் அதிகாலை முறை. அதற்குப் போக இருந்த ஒரே வழி ஐந்து பத்துக்கு வரும் பஸ். ஓடும் பஸ்ஸில் தொற்றிய வீரத்தில் உன் வலது முழங்கால் ஊரிலேயே பழுதாகிவிட்டது. வைலேயின் ஏற்ற இறக்கத்தில் அந்தக் காலோடு சைக்கிள் ஓட முடியாது. "அவையள் வரேக்கை என்ரை உழைப்பிலை ஒரு வீடு இருக்கவேணும்," என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். பஸ் போனால் வேலை போகும், வேலை போனால் அந்த வீடும் போகும்.

இலவச வாரப் பத்திரிகையில் அந்த அறிவித்தலைக் கண்டது நீதான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் வாசித்தாய்.

"அடேய் கிளாக்கர், ஐஞ்சு பத்தை நிப்பாட்டப் போகினமாம்."

"ஏனாம்?"

"சனம் ஏறுறது காணாதாம். ஆனா முடிவெடுக்க முதல் ஆரும் கருத்துச் சொல்லலாமாம். இதுக்கு ஹோரிங் எண்டு பேர்."

"நாங்கள் சொன்னா ஆர் கேக்கிறது?"

"சொல்லச் சொல்லித்தானே கேட்டிருக்கினம். சொல்லுவம்."

நீ அதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் ஞாபகம். இந்த நாட்டில் ஓர் அலுவலகம் உன்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. அகதி, குடியுரிமை இல்லாதவன் என்று அந்த அறிவித்தலில் எந்த விலக்கும் இல்லை. ஆரும் என்றால் ஆரும்தான்.

எழுதுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எத்தனை மனுக்களைக் கண்டவன் நான். மொழிப் பள்ளிக்கூடத்துத் தட்டச்சு இயந்திரத்தில் இரண்டு கார்பன் வைத்து ஆங்கிலத்தில் அடித்தேன். மாட்சிமை பொருந்திய ஐயா என்று தொடங்கினேன். புகலிடம் தந்த நாட்டுக்கு ஒரு பந்தி நன்றி. போக்குவரத்து அதிகாரியின் தூரநோக்குக்கு ஒரு பந்தி. அவர் குடும்பத்தின் நலத்துக்கு ஒரு பிரார்த்தனை. கடைசியில், தங்களுக்கு வசதிப்பட்டால் எங்கள் சிரமத்தையும் கருணையோடு நோக்கலாம், தாங்கள் எந்த முடிவை எடுத்தாலும் அதை நன்றியோடு ஏற்போம் என்று முடித்தேன். முப்பத்தெட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்கினோம். பக்கத்து ஊரான கோல்டிங்கில் இருந்து விருந்துக்கு வந்த இரண்டு பேரும் போட்டார்கள்.

டேனிஷ் மொழியில் பெயர்த்துத் தந்த ஆசிரியை வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்று கேட்டார். சுருக்கத்தைப் பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. எங்கள் அன்பான வார்த்தைகளுக்கு நன்றி தெரிவித்து, எங்கள் கடிதத்தைத் திட்டத்தை ஆதரிக்கும் கருத்தாகப் பதிவு செய்திருப்பதாக எழுதியிருந்தார்கள். முப்பத்தெட்டுக் கையெழுத்தும் சேர்ந்து ஒரே கருத்து, அதுவும் பஸ்ஸை நிறுத்துவதற்கு ஆதரவாக.

நீ ஏசுவாய் என்று பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "நீ எழுதினது மனு இல்லையடா, கலியாண வாழ்த்து." சிரித்து முடிந்ததும் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாய். முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாய். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

முடிவுத் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அடுத்த நாள் வேலை முடிந்து நேரே நூலகத்துக்குப் போனாய். திட்டத்தின் முழு அறிக்கையும் அங்கே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. நானும் வந்தேன். வசனங்களை விட்டுவிட்டு நீ நேரே அட்டவணைக்குப் போனாய். எந்தத் தரிப்பில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று ஒரு பக்கம் முழுக்க இலக்கங்கள். ஐந்து பத்துக்கு நேரே இரண்டு, மூன்று, இரண்டு.

"பொய்," என்றாய். "நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறினாலும் எத்தினை தலை எண்டு சொல்லுவன். இது வேறை பஸ்."

அட்டவணைக்குக் கீழே எண்ணிக்கை எடுத்த காலம் சின்ன எழுத்தில் இருந்தது. இருபத்தொன்பதாம் வாரம். இந்த நாட்டவர்கள் எதையும் வார இலக்கத்தில்தான் சொல்வார்கள். நமக்கு அது வெறும் இலக்கம். நான் அதைக் கடந்து போய்விட்டேன். நீ சட்டைப் பையில் இருந்து ஒரு துண்டை எடுத்தாய். தொழிற்சாலை கொடுத்த விடுமுறைத் துண்டு. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது ஆகிய மூன்று வாரமும் தொழிற்சாலை பூட்டு என்று அதில் இருந்தது. ஊரே கடற்கரைக்குப் போன ஜூலை மாதத்தில் வந்து ஆள் எண்ணியிருக்கிறார்கள்.

அந்த ஒன்பது நாளும் நாம் வீடு வீடாக ஏறி இறங்கினோம். இந்தத் தடவை எல்லோருக்கும் சேர்த்து ஒரு தாள் இல்லை. ஒவ்வொருவரும் தன் கையால், தன் பெயரில். "முதல் வரியிலை வேண்டியதைச் சொல்லு. பிறகு நீ எங்கை ஏறுறாய், எங்கை இறங்குறாய், பஸ் இல்லாட்டி என்ன செய்வாய் எண்டு எழுது. ஐயா, கருணை ஒண்டும் வேண்டாம்," என்று எல்லோருக்கும் படிப்பித்தாய். அதைச் சொல்லும்போதெல்லாம் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாய். பள்ளிக்கூடம் துப்புரவு செய்யும் டேனிஷ் அம்மா எழுதினார். உன்னோடு வேலை செய்த துருக்கிக்காரர் எழுதினார். நானும் எழுதினேன், நாலே வரி. என் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறிய கடிதம் அது.

பிறகு பொதுக்கூட்டம். மண்டபத்தில் கோப்பியும் கேக்கும் வைத்திருந்தார்கள். பேச விரும்புகிறவர்கள் கை உயர்த்தலாம் என்றார் தலைமை தாங்கியவர். நீ கையை உயர்த்தினாய். உன் டேனிஷ் மொழி அப்போது கடைக்குப் போய்வரத்தான் காணும்.

நீ எழுந்து நின்று, சொல் சொல்லாக எடுத்து வைத்தாய். "எனக்கு ஐந்து பத்து பஸ் வேண்டும். நான் என் நாட்டில் கொண்டக்டர். ஆள் எண்ணுவது என் தொழில். இருபத்தொன்பதாம் வாரம் எங்கள் தொழிற்சாலை பூட்டு. பூட்டிய தொழிற்சாலைக்கு ஆர் பஸ்ஸில் போவார்கள்?" விடுமுறைத் துண்டை உயர்த்திக் காட்டினாய்.

மண்டபம் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. துப்புரவு செய்யும் அம்மா எழுந்து, "அவர் சொல்வது சரி. நானும் அந்த பஸ்தான்," என்றார். தலைமை தாங்கியவர் பக்கத்தில் இருந்த அதிகாரியைப் பார்த்தார். அவர் அறிக்கையைப் புரட்டினார், கழுத்து சிவந்தது. பிறகு, "அந்த வாரம் பொருத்தமானதல்ல, திரும்ப எண்ணுவோம்," என்று நேர்மையாகச் சொன்னார்.

நவம்பரில் எண்ண வருவார்கள் என்று தெரிந்ததும் என் கச்சேரி மூளை வேலை செய்தது. வேலையில்லாமல் இருக்கும் பொடியளையும் அந்தக் கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுவோம் என்றேன். நீ கோபப்பட்டாய்.

"கள்ளக் கணக்கு வேண்டாம். இருக்கிற சனமே காணும்."

எண்ண வந்தவர் கறுப்புத் தொப்பி போட்ட மெலிந்த மனிதர். சாரதிக்குப் பின் இருக்கையில் இருந்து, ஆள் ஏற ஏற கையில் இருந்த கருவியை அழுத்தினார். நீ அவருக்கு எதிரே போய் இருந்தாய். தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது, "முப்பத்தேழு," என்றாய். அவர் கருவியைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். "முப்பத்தேழு," என்றார். இருவரும் கை குலுக்கினீர்கள். ஐந்து நாளும் இருவர் கணக்கும் அப்படியே ஒத்துப்போனது என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. துருக்கிக்காரர்தான் சாட்சி சொன்னார்.

கிறிஸ்மஸுக்கு முதல் முடிவு தபாலில் வந்தது. வந்த கருத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம், பக்கத்தில் அதற்கான பதில். உன்னுடையது பதினான்கு. எண்ணிக்கை பற்றிய ஆட்சேபம் சரியானது, திட்டம் கைவிடப்படுகிறது என்று இருந்தது. குளிர்ச் சட்டையைக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே நீ அதைப் படித்தாய். உன் கண் நிறைந்துவிட்டது.

"கிளாக்கர்," என்றாய், "எழுதினதுக்குப் பதில் வந்திருக்கடா."

எனக்கும் அழுகை வந்தது. எத்தனை கடிதம் போட்டு, எத்தனை மாதம் அந்த ஒரே வரியை வாசித்தவன் நீ என்று எனக்குத்தானே தெரியும். அன்றைக்கு நாம் சமைத்த ஆட்டிறைச்சிக் கறியில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. இருவரும் அதையும் தின்று முடித்தோம்.

அடுத்த வருடம் உன் மனைவிக்கும் மகளுக்கும் அனுமதி கிடைத்தது. அவர்கள் வந்து சேர்ந்து இரண்டாம் நாள் உனக்கு அதிகாலை வேலை. அப்பா எங்கே போகிறார் என்று பார்க்க வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தாள். நாலு பேருமாகத் தரிப்பில் நின்றோம். தாயின் சால்வைக்குள் நின்றுகொண்டு, வந்து நின்ற பஸ்ஸைக் காட்டிக் கேட்டாள்.

"இது எங்கடை பஸ்ஸோ அப்பா?"

"ஓம் பிள்ளை. கேட்டு வாங்கினது," என்றாய். அப்படி ஒரு நிமிர்வோடு நீ பஸ் ஏறி அதற்கு முன் நான் கண்டதில்லை.

அந்த விண்ணப்பங்கள் ஏன் அசையாமல் கிடந்தன என்று பிறகு விசாரணை நடந்தது. அமைச்சரே சட்டத்துக்கு மாறாக அவற்றைத் தடுத்து வைத்திருந்தார் என்று தெரியவந்ததில் இந்த நாட்டு அரசாங்கமே பதவி விலகியது. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்று உன் வீட்டில் பாயாசம். "சட்டம் எங்கடை பக்கம் இருந்தது எண்டு இப்ப எல்லாருக்கும் தெரியுது," என்று உன் மனைவி கரண்டியும் கையுமாகச் சொன்னார். நீ உன் சொந்த உழைப்பில் வாங்கிய சோபாவில், தலைநிமிர்ந்து இருந்தாய்.

இனிச் செய்தியைச் சொல்கிறேன். போன இலையுதிர் காலத்தில் ஒரு ஹோரிங் வந்தது. இப்போது எல்லாம் கைத்தொலைபேசியில்தான் வருகிறது. ஐந்து பத்து பஸ்ஸை ஞாயிற்றுக்கிழமையும் ஓட விடலாமா என்று கேட்டிருந்தார்கள். முதியோர் இல்லங்களுக்கு வேலைக்குப் போகிற சிரியப் பெண்கள், உக்ரைன் பெண்கள், நம்முடைய பிள்ளைகள் சிலர், ஞாயிறு காலையில் எப்படிப் போகிறார்கள் என்று போய் விசாரித்தேன். ஒவ்வொருவரையும் தன் பெயரில் எழுத வைத்தேன். கூட்டத்தில் கை உயர்த்தினேன். தாள் இல்லாமல் எழுந்து நின்றேன். எனக்கு ஞாயிறு பஸ் வேண்டும் என்றுதான் தொடங்கினேன். முன்னுரையே இல்லை மச்சான். நீ இருந்து கேட்டிருக்க வேண்டும்.

வென்றுவிட்டோம். வருகிற ஞாயிறு முதல் ஓடுகிறது. ஒரு வருடம் ஓட விட்டு, ஆள் எண்ணிப் பார்த்து நிரந்தரமாக்குவார்களாம்.

நான் ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. ஞாயிறு காலை ஐந்து பத்துக்குப் போக எனக்கு ஓர் இடமும் இல்லை. ஆனாலும் முதல் நாள் தரிப்பில் போய் நிற்பேன். நானும் ஏறுவேன் என்று நினைக்காதே. கள்ளக் கணக்கு உனக்குப் பிடிக்காது என்று தெரியும். பஸ் வந்து நிற்கும், கதவு திறக்கும், நான் வெளியே நின்று தலைகளை எண்ணுவேன்.