முகமூடிக்குள் என் நடை

மார்ச் 9

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். இன்றும் படியில் தடுமாறினேன். கீழே பார்க்கக் கண் இறங்க மறுக்கிறது. அண்ணன் அன்செல்முக்கும் அந்தப் பரம்பரை நோய் இப்படித்தான் தொடங்கியது. எனக்கும் ரத்தம் சோதிக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

“இந்த வீட்டுக்கு ஒருத்தன் போதும்டி. உனக்கு ஒண்ணுமில்ல.”

மார்ச் 12

கொலஸ்ட்ரால் கெட்டது என்று வகுப்பில் சொன்னார்கள். கையைத் தூக்கி, இல்லை என்றேன். ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும் அது வேண்டும். அண்ணன் உடம்பில் அது செல்லுக்குள் வந்துவிடுகிறது; உள்ளறையிலிருந்து எடுத்துச் சவ்வுக்கு அனுப்பும் புரதம்தான் பழுது. அப்பா பிடித்த சிங்கி இறால் துறையிலேயே குவிந்து நாற, ஊரில் ஒரு வீட்டிலும் சோறில்லாத மாதிரி.

மார்ச் 19

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பின் நடுவாரம். ஊர் வழக்கப்படி முகமூடியோடு வீடு வீடாகப் போனோம். வாய் திறக்கக் கூடாது, யாரென்று வீட்டுக்காரர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அப்பாவின் மழைக்கோட்டுக்குள் தலையணை, முகத்தில் அம்மாவின் காலுறை. பக்கத்து வீட்டு அல்ஃபே மாமா என்னை நடக்கச் சொன்னார். நடந்தேன்.

“இந்தத் தள்ளாட்டம் எனக்குத் தெரியாதா? டேய் அன்செல்ம், எடுடா மூஞ்சியிலேருந்து.”

எடுத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே வந்து அடுப்போரம் உட்கார்ந்திருந்த அம்மா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 20

பயமா இருக்கு. ரொம்ப பயமா இருக்கு. அதுக்காக? தெரியாம இருந்தா வராம போயிடுமா? ஊருக்கே என் காலைப் பார்த்துத் தெரியுது, எனக்கு மட்டும் தெரியக் கூடாதா?

ஏப்ரல் 2

அண்ணனின் பரிசோதனைக்காக ஹாலிஃபாக்ஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவன் எழுந்ததும் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தேன்.

“எனக்கும் எடுங்க.”

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என் கோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 17

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் பதில் இல்லை.

மே 14

காலையில் மேசைமேல் இரண்டு தம்ளர், இரண்டு மாத்திரை: ஒன்று அண்ணனுக்கு, ஒன்று எனக்கு. இது குணமாக்காதாம், நோயை மெதுவாக்குமாம். மெதுவாகவே வரட்டும், எனக்கொன்றும் அவசரமில்லை.

அண்ணன் தன் தம்ளரால் என் தம்ளரை இடித்து, குழறும் நாக்கோடு சொன்னான். “யாரு... முதல்ல... முழுங்கறா... பாக்கலாம்.”

அம்மா என்னை முறைத்தாள், அவனுக்கு விட்டுக்கொடு என்று. விட்டுக்கொடுக்கவில்லை. நான்தான் ஜெயித்தேன்.