வாகன நிறுத்தத்தில் ஒரு வாசற்படி

ஆகஸ்ட் 27, 2018

கால் வீக்கம் தேவலை. நார்வேயின் உச்சந்தலையில், ஃபின்மார்க் கடற்கரையில், எழுபத்தேழு வயதிலும் செங்கோல் தாழாமல் வீற்றிருக்கும் ஓட்வார் ஆகிய என் சமூகத்துக்கு இன்று ஒரு தூது வந்தது. வந்தவள் அக்கா மகள் இங்குன். 1944-ல் ஜெர்மன் படை பின்வாங்கும்போது ஊரையே கொளுத்தியதல்லவா? எரிந்த வீடுகள் இருந்த இடங்களில் பலகை நடுகிற குழுவில் அவளும் இருக்கிறாள்.

"மாமா, அம்மா இதைப் பத்தி வாயே திறக்க மாட்டேங்குறாங்க. நம்ம வீடு இப்ப பேங்க் இருக்கிற இடம்தானே?"

"சந்தேகமா? கல்லாவுக்கு நேர் கீழே. பன்னிரண்டு அறை. மாடியில நின்னா வடதுருவம் தெரியும்."

எழுதிக்கொண்டாள். வடதுருவத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 28

ஊர் எரிந்தபோது எனக்கு வயது மூன்று. இதுவரை யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

செப்டம்பர் 9

மக்னில்ட் அக்கா வீட்டில் அவித்த மீன். அடுத்த மாதம் தெற்கே ட்ரொண்ட்ஹைம் நகரத்துக்கு, மகன் வீட்டோடு இருக்கப் போகிறாள். கண் மங்கிக்கொண்டே வருகிறது. அடுத்த கோடையில் என்ன மிஞ்சும் என்று டாக்டரே சொல்லவில்லை.

"கண்ணு இருக்கும்போதே நம்ம வாசல்ல ஒரு தடவை நிக்கணும்டா" என்றாள். எழுபத்து நான்கு வருடத்தில் அவள் அந்த வீட்டைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. "கொளுத்தப் போறாங்கன்னு அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் கதவைப் பூட்டுனாங்கடா. பூட்டிட்டு, இழுத்துப் பார்த்துட்டுத்தான் படகுல ஏறுனாங்க."

பிறகு சொன்னாள்: "நாளைக்கு நீ சொல்ற அந்தப் பேங்குக்குக் கூட்டிட்டுப் போ."

இன்னொரு துண்டு மீனை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 10

போனோம். பேங்க் வாசலில் நின்று கடலைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள்.

"இங்க இல்லடா. தீவு தப்பா இருக்கு."

"அக்கா, தீவு நகர்ந்திருக்கும். ஐரோப்பாவிலேயே வேகமான தீவு அது—"

"ஓட்வார். உனக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாதுக்கா."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏன்டா சொன்னே? நாற்பது வருஷமா ஏன்டா சொன்னே என்று ராத்திரி என்னையே கேட்டுக்கொண்டேன். போர் முடிந்து ஊர் திரும்பியபோது பழைய தெரு ஒன்றுகூட இல்லை. ஒரே வரைபடத்தில் ஊர் முழுக்கப் பெட்டி பெட்டியாகப் புது வீடுகள். குடித்துவிட்டு வந்தவன் அடுத்த வீட்டுக் கட்டிலில் குறட்டை விட்டதெல்லாம் உண்டு. மற்றவர்களிடம் ஆளுக்கொரு எரிந்த வீடு இருந்தது, கண்ணை மூடினால் தெரிகிற மாதிரி. எனக்குக் கண்ணை மூடினால் இருட்டுதான். ஒன்றுமே ஞாபகமில்லாதவன் பன்னிரண்டு அறை கட்டிக்கொண்டேன். வேறென்ன?

செப்டம்பர் 14

அக்கா போன் செய்தாள். "அப்பா நடுக்கடல்ல மீன் கிடக்கிற இடத்தை எப்படிடா கண்டுபிடிச்சாரு?"

இது தெரியாதவன் இந்தக் கரையில் உண்டா? இந்தப் பாறை அந்த மலைக்கு நேராக வர வேண்டும், இன்னொரு பக்கம் இன்னொரு ஜோடி. இரண்டும் சேர்கிற இடத்தில் தூண்டில்.

"நம்ம வாசப்படியில உக்காந்தா தீவோட மூக்கு கறுப்புப் பாறையைத் தொடும். மலைப் பிளவுல பின்னாடி மலை நகம் அளவு எட்டிப் பார்க்கும். கிளம்பி வா."

ஆண்கள் கடலில் செய்வதை என் அக்கா கடைத்தெருவில் செய்தாள். ஊர்வலத்தில் நாங்கள் இருவர். பத்தடி நடப்பாள், நிற்பாள், கண்ணைச் சுருக்குவாள், "இன்னும் இடது" என்பாள். மளிகைக் கடையின் கார் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தோம்.

"உசரம் சரியில்ல. ஒன்பது வயசு உசரம் வேணும்."

கடையிலிருந்து வாழைப்பழப் பெட்டியை எடுத்து வந்து கவிழ்த்தேன். உட்கார்ந்தாள். தீவையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தொட்டுடுச்சு."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. "எங்க வீட்டுக்குள்ள ஹாரன் அடிக்காதய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் ரஷ்ய எல்லையில் காவலர்கள் விழித்திருப்பார்கள்.

"எத்தனை அறைக்கா?"

"ரெண்டு." தடியால் காட்டினாள். "இது அடுப்பு. அங்க ஆட்டுத் தடுப்பு. நீ நிக்கிறியே, அது உன் தொட்டில்."

இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் நின்றிருந்தேன். நகரத் தோன்றவில்லை.

செப்டம்பர் 17

குழுவின் முன் எழுந்து நின்று, நான் சொன்னது பொய் என்று சொன்னேன். இங்குன் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "மாமா, பலகை அச்சாகி வந்துடுச்சு!"

"திரும்ப அடிம்மா. ரெண்டு அறை, ஒரு தடுப்பு, மூணு ஆடு."

"வடதுருவம்?"

"தெரியாது."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை.

அக்டோபர் 5

அக்கா போய்விட்டாள். விமானத்தில் ஜன்னல் பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நவம்பர் 2

முதல் கனத்த பனி. காலையில் அக்காவின் போன்.

"அங்க பனி கொட்டுதாமே? நம்ம வாசல்ல தள்ளுனியா?"

"என் வீட்டு வாசல்லயா? அப்பவே—"

"நம்ம வாசல்லடா."

மண்வாரியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பைகளோடு வந்த ஒரு பெண், அங்கே கார் விடப் போகிறீர்களா என்று கேட்டாள். இல்லை, படியில் தள்ளுகிறேன் என்றேன். அடுப்பின் மேல் நின்றிருந்தவள் தள்ளி நின்றாள்.

தார் தெரிகிற வரை தள்ளினேன். அக்கா சொன்ன படியின் அகலம் நான்கு அடி. நான்கே அடிதான்.