ஒருமுறை போடும் சட்டை

பேரன்பும் பெருங்கோபமும் ஒருங்கே வாய்த்த அக்காவுக்கு, உலகமே வியக்கும் தையல்காரனாகிய உன் தம்பி வணங்கி எழுதுவது. நான் யானையை விழுங்கி ஏப்பம் விடும் அளவுக்கு நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

நேற்று மதியம் ஓர் அம்மாள் கடைக்கு வந்து, கணவருக்குச் சட்டை தைக்க வேண்டுமென்று அளவுச் சீட்டை நீட்டினார். இடது தோள் முக்கால் அங்குலம் இறக்கம் உட்பட, எல்லாம் அச்சு அசலாக என் அளவு! இப்படியொரு கோணல் உடம்பு உலகத்தில் ஒன்றுதான் என்று நீயே சொல்வாயே.

"எந்தத் துணியில தைக்கட்டும்மா?" என்றேன்.

"ஏதோ ஒண்ணு. துவைக்கப் போறதில்ல, ஒரு தடவ போட்டாப் போதும்," என்றார், என் தோளையே பார்த்தபடி.

மெல்லிசுத் துணி கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. நானோ ஏணி ஏறி, நாற்பது வருடம் அடித்துத் துவைத்தாலும் அசையாத ஜீன்ஸ் துணியை இறக்கி வெட்டினேன். எமனே இழுத்தாலும் தையல் விடாது.

துவைக்காமல் ஒரே தடவை போடுவது பிணத்துக்குத்தானே என்று பயப்படாதே, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் உன் பெட்டியில் கிடக்கும் என் பழைய சட்டையை அளந்து எழுது. என் அளவென்று நான் நினைவில் வைத்திருப்பது தப்பாகக்கூட இருக்கலாம் அல்லவா? கூடவே நாலு திட்டும் எழுது.

அந்த அம்மாள் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். கடைசிப் பொத்தான் மட்டும் பாக்கி. உன் பதில் வரும்வரை அதைத் தைக்கமாட்டேன்.

உன் கோணத்தோள் தம்பி