பின்விளக்கில் நீங்கள் வைத்த பொட்டு

இன்னும் என்னை வாதத்தில் ஜெயிக்க விடாத என்னவருக்கு,

உங்கள் பிக்கப்பின் இடது பக்கப் பிரேக் லைட் எரியவில்லை. சுகம் விசாரிக்காமல் இதை முதலில் எழுதுகிறேன், மன்னியுங்கள். இந்த வாரம் முழுவதும் நம் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

சீனி வியாதிக்கு மருந்தெடுக்க டிரைவர் செல்லையாவோடு கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போது பொலிஸ்காரர் மறித்தார். என் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் போனார். "அம்மே, பிரேக் லைட் எக பத்து வென்னே நே" என்றார் சிங்களத்தில். பிரேக் லைட் எரியவில்லையாம். எரியாதது எனக்கு எப்படித் தெரியும்? நான் முன்னால் அல்லவா உட்கார்ந்திருக்கிறேன்! அடுத்த தடவையும் இப்படி வந்தால் வண்டியைப் பிடித்து வைப்பேன் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இதை மகேந்திரனிடம் போனில் சொன்னது என் புத்தி. வத்தளையில் இருந்துகொண்டு உங்கள் மகன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "அம்மா, ஒரு பல்பு மாத்த முடியல, நீங்க எப்படித் தனியா அங்க இருக்கப் போறீங்க? ஞாயிற்றுக்கிழமை வண்டி வாங்குற ஆளோட வாறேன். நீங்களும் எங்களோட வந்திருங்க." வண்டி போனால் நானும் போக வேண்டும். ஒரே சாமான் பட்டியலில் இரண்டு பழைய பொருட்கள்!

அன்றே புளத்கொகுபிட்டியவுக்குப் போய்ப் பல்பு வாங்கி வந்தேன். அது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. செல்லையாவோ தினமும் ஒரு சாக்கு வைத்திருந்தான். மழை பெய்கிறதாம். திருப்புளியை யாரோ இரவல் கொண்டு போய்விட்டார்களாம். பிறகு, வெள்ளிக்கிழமை வண்டியைக் கழற்றக் கூடாதாம். இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள்? உங்களிடம் அவன் இப்படிச் சொல்லியிருப்பானா?

சனிக்கிழமை காலை எனக்குப் பொறுமை போய்விட்டது. திருப்புளியை நானே எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

"அம்மா, வேணாங்கம்மா. சேலையெல்லாம் அழுக்காயிரும்."

"சேலையை நான் துவைத்துக்கொள்வேன். நீ ஏன் இதைத் தொட மாட்டேன் என்கிறாய்?"

அவன் விளக்கைக் காட்டினான். குனிந்து பார்த்தேன். சிவப்பு மூடியைப் பிடித்திருக்கும் திருகாணிகள் இரண்டின் மேலும் சந்தனம், நடுவில் குங்குமம். கடைசி ஆயுத பூஜைக்கு நீங்கள் வைத்தது. இரண்டு மழைக்காலம் பார்த்தும் அப்படியே பளபளக்கிறது. ஏன் தெரியுமா? மழை கழுவிவிடக் கூடாதென்று அதன்மேல் வார்னிஷ் பூசியிருக்கிறீர்கள்!

ஃபெக்டரியில் தேயிலைத் தூளில் ஈரம் படாமல் காத்த டீமேக்கர் அல்லவா, பொட்டையும் அப்படியே காத்துவிட்டீர்கள். திருகாணியின் பிளவு தெரியவில்லை. மூடி அசையவில்லை. பல்பு என்றாவது போகும், அன்று ஒருவர் இதைக் கழற்ற வேண்டும் என்று ஏன் உங்களுக்குத் தோன்றவில்லை?

"ஐயா கையால வச்ச பொட்டும்மா," என்றான் செல்லையா. "நான் எப்படிம்மா சுரண்டுறது? ஐயா இருந்தா என்னா சொல்லுவாரு?"

"முதலில் உன்னைத் திட்டுவார். பிறகு என்னைத் திட்டுவார். நகரு."

நகர்ந்தான். ஆனால் திருப்புளியை வைத்த என் கை அப்படியே நின்றுவிட்டது. உங்களைத் தூக்கிச் சென்ற அன்று பெரிய நாத்தனார் ஈரத்துணியால் என் நெற்றியைத் துடைத்தார். கான்வென்டில் படித்தவள், எதையும் கேள்வி கேட்பவள், அன்று வாயைத் திறக்கவில்லை. நீங்கள் உயிரோடு இருந்ததற்கு அடையாளமாக மிஞ்சிய பொட்டு இந்த வண்டியில்தான் இருந்திருக்கிறது. அதைத் துடைக்கும் கையும் என்னுடையதாக இருக்க வேண்டுமா?

பிறகு மகேந்திரனின் குரல் காதில் கேட்டது. சுரண்டினேன். சந்தனம் ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது.

மூடியைக் கழற்றிப் புதுப் பல்பை நுழைத்தால் அது பிடிக்கவில்லை. பக்கவாட்டில் இரண்டு முளைகள், ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கீழே. திருப்பிப் போட்டு அழுத்தித் திருகினேன். பிடித்துக்கொண்டது.

"மிதி, செல்லையா!"

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேங்கம்மா!"

"அது கிளட்ச்சாக இருக்கப் போகிறது. பிரேக்கை மிதி!"

காலை மாற்றியிருப்பான். பிறகு விளக்கு எரிந்தது. அந்தச் சிவப்பு என் வெள்ளைச் சேலை முழுவதும் விழுந்தது.

மூடியைப் பூட்டியதும் செல்லையா தலையைச் சொறிந்தான். "அம்மா, வெறுமனே கிடக்கே. பொட்டு..." யார் வைப்பது என்பதுதான் அவனுடைய சங்கடம். நான் உள்ளே போய்ச் சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்து, திருகாணியில் படாமல், மூடியின் நடுவில் வைத்தேன். அவன் கும்பிட்டான்.

மகேந்திரனுக்குப் போன் செய்தேன். "பல்பு மாற்றியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வா. சாப்பிட வா. வண்டி வாங்கும் ஆளைக் கூட்டி வராதே."

"யாரும்மா மாத்துனது?"

"வீட்டுக்காரி."

உங்கள்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். இனி அந்தப் பொட்டு என் பொறுப்பு. மழை கழுவினால் மறுபடி வைப்பேன். எத்தனை தடவை கழுவினாலும் வைப்பேன். வார்னிஷ் மட்டும் பூச மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில்தான் இருக்கும்,
உங்கள் மனைவி கமலாம்பிகை