கஞ்சிக்கோட்டில் சொன்ன சாட்சி

தேவிகுளம்,
ஞாயிறு மதியம்.

கர்த்தருக்குள் தம்பி ஆசீருக்கு அக்கா ஜெபக்கனி எழுதுவது. பிரியமான தம்பி என்று போட இன்று மனம் வரவில்லை. போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். தபால்காரரைத் தடுக்க முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

கஞ்சிக்கோட்டு ஜெபக்கூட்டத்தில் நீ சாட்சி சொன்ன வீடியோ நம் எஸ்டேட் லயம் முழுக்கச் சுற்றிவிட்டது. அங்கே உன்கூட வேலை செய்கிற கம்பெனி ஆட்கள் மட்டும்தான் கேட்பார்கள் என்று நினைத்தாயாக்கும். குடித்துவிட்டு ஜீப் ஓட்டி ஒரு மனுஷனின் காலை எடுத்தேன், பழியை இன்னொருவன் மேல் போட்டேன், ஆண்டவர் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார் என்று மைக்கில் அழுகிறாய். கூட்டம் அல்லேலூயா போடுகிறது. அந்த இரண்டு பேருக்கும் பெயர் இல்லையா? காலை இழந்தவர் நம் வரிசையில் கடைசி வீட்டுச் சங்கையா அண்ணன். பழியைச் சுமக்கிறவன் உன் கூட்டாளி மாரீஸ்வரன்.

அன்று ஜீப்பில் அவன் போதையில் தூங்கிக் கிடந்திருக்கிறான். அவனை இழுத்து ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து, நீதான் ஓட்டினாய் என்று சொல்லிவிட்டாய். அந்தக் கிறுக்கன் நம்பினான். போலீசிலும் ஒப்புக்கொண்டான். நீ மறுவாரமே கஞ்சிக்கோட்டுக்குப் பறந்துவிட்டாய். அவனோ ஜாமீனில் வந்து, கட்டு மாற்றும்போதெல்லாம் சங்கையா அண்ணனை முதுகில் தூக்கி ரோடுவரை சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அவர் வாயில் வந்தபடி திட்டுவார். இவன் தலைகுனிந்து சுமப்பான். வீடியோவைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தான். "அக்கா, அப்ப நான் செய்யலையா?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டான். உன்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அடுத்த மாதம் கோர்ட்டில் அவன் கேஸ். வீடியோவில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, அது மட்டும் போதாது என்கிறார் வக்கீல். நீ வந்து சொல்லாவிட்டால் அவன்தான் உள்ளே போவான்.

நம் சபை வழக்கத்தை மறந்துவிட்டாயா? திருவிருந்துக்கு முந்தின நாள், யாருக்குக் குற்றம் செய்தோமோ அவர் வீட்டுக்குப் போய், அவர் கையால் பாலில்லாத ஒரு கட்டன் சாயா வாங்கிக் குடித்த பிறகுதான் திருவிருந்து மேசைக்குப் போவோம். நேற்று உனக்காக நான் போனேன். அடுப்பில் சாயா கொதித்தது. சங்கையா அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மனைவி ராமுத்தாய் மதினி டம்ளரை எடுக்கவில்லை. "நீ எதுக்குத் தாயி வந்த? செஞ்சவன் வந்து குடிக்கட்டும்" என்றார் மதினி. இன்று நான் மேசைக்குப் போகாமல் கடைசி பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். நீ அங்கே மாதம் தவறாமல் திருவிருந்து எடுக்கிறாயாம்.

ஆண்டவர் உன்னை மன்னித்திருப்பார், அவர் மனசு அப்படி. மன்னிப்பு வாங்கின ஆள் ஊருக்கு வர ஏன் நடுங்குகிறான்?

உனக்குச் சமாதானம் உண்டாவதாக என்று எழுதமாட்டேன். நீ பஸ் ஏறும் வரை ஒரு வாய் சோறு உன் தொண்டையில் இறங்காதபடி கர்த்தர் பார்த்துக்கொள்வாராக. ஏறினதும் போன் பண்ணு. போலீசுக்கு உன்கூட நான் வருவேன். சங்கையா அண்ணன் வீட்டுக்கும் வருவேன், ஆனால் வாசலோடு நின்றுகொள்வேன், உள்ளே நீதான் போக வேண்டும். ஜெயில் என்றால் மனுப் போட்டு வந்து பார்ப்பேன். விடுதலையாகிற அன்று கேட்டில் நிற்கப்போவதும் நான்தான். வராவிட்டால் என்னை மறந்துவிடு.

இதுவரை உன் அக்காவாக இருக்கும்,
ஜெபக்கனி